முப்பத்தெட்டு வார்த்தைகள்

முப்பத்தோராம் நாள் காலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு மணி அடித்தபோது தமயந்தி தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் எழுதி முடித்திருந்தாள். வேறு யாராவது என்றால் ஒரு காப்பி போட்டுக் குடித்துக் கொண்டாடியிருப்பார்கள். தமயந்திக்குச் சந்தேகம்தான் வந்தது.

தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகவே தெரியும். கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பயனர் கையேடு எழுதுவது அவள் பிழைப்பு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாவல் வந்தது. நாலு பேர் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டோடு பேனா படுத்துவிட்டது. இரண்டாவது நாவலைப் பதினோரு முறை தொடங்கி, பதினோரு முறையும் மூன்றாம் பக்கத்தில் கைவிட்டாள். கேட்டவர்களிடம் நேரமே இல்லை என்று சொல்லிவைத்தாள். நேரமெல்லாம் தாராளமாக இருந்தது, ஆசைதான் இல்லை. இதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்ததால்தான் ஐம்பது நாள் எழுத்து ஓட்டத்தில் சேர்ந்தாள்.

ஓட்டம் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு நாலு பேர் திரையில் கூடுவார்கள். மணி அடித்ததும் இருபத்தைந்து நிமிஷம் மூச்சுக் காட்டாமல் எழுத வேண்டும். மறுபடி மணி அடித்ததும் எத்தனை வார்த்தை என்று சொல்லி, எழுதியதில் கடைசி வரியை மட்டும் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். என்ன எழுதுகிறீர்கள், எதற்கு எழுதுகிறீர்கள் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, தானாகச் சொன்னால் சரி. இப்படிக் கூடி எழுதும் வழக்கம் பழையதுதான். புதிதாக வந்தது நிரவி. காதுக்குப் பின்னால் பொட்டளவு ஒட்டு, மணிக்கட்டில் ஒரு பட்டை, அவ்வளவுதான் கருவி. எழுத வேண்டும் என்ற உந்துதல் நாலு பேரிடமும் எவ்வளவு இருக்கிறது என்று அது அளக்கும். அளந்து, அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்கு மட்டும் நாலு பேருக்கும் ஒரே அளவாக நிரவிவிடும். நாலு டம்ளர் மோரை ஏற்ற இறக்கம் இல்லாமல் ஊற்றி வைப்பது போல என்று விளம்பரத்தில் ஒரு நடிகை சிரித்துக்கொண்டே விளக்குவாள்.

சரி, அந்த மோர் எங்கிருந்து வந்தது? தமயந்தியைக் குடைந்த கேள்வி இதுதான். உந்துதல் இருப்பவன் தன்பாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போவான். இந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் காலி டம்ளர்கள். நாலு காலி டம்ளரை எப்படி மாற்றி மாற்றி ஊற்றினாலும் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வார்த்தை வராது.

அன்றைக்கு மற்றவர்களும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். சென்னையில் உணவு விநியோகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு போலீஸ் கதை எழுதும் வினோபாவுக்கு எழுநூற்று முப்பது. டொராண்டோவில் அப்போது முந்தைய நாள் மாலை எட்டு மணி. அங்கிருந்து தன் முதல் சிறுகதைத் தொகுப்புக்காக எழுதும் யாழ்ப்பாணத்துச் சுகிர்தாவுக்கு எண்ணூற்றுச் சொச்சம். நாலாவது இருக்கையில் மரியசூசை என்று பெயர் மட்டும் தெரியும். கேமராவைத் திறக்க மாட்டார், பேசவும் மாட்டார். ஒரு பலகையில் எழுதுகிறார் போலும். கோணல்மாணலான கையெழுத்தில் கடைசி வரி மட்டும் திரையில் வந்து நிற்கும். அன்று அவர் கணக்கு முப்பத்தெட்டு. வரி இது: "இரும்புக் கயிற்றில் மூன்று இழைகள் ஏற்கனவே அறுந்திருந்தன."

"சார், அந்தக் கயிறு நாலு நாளா அறுந்துகிட்டே இருக்கு. கொஞ்சம் இழுவையா இருக்கு சார், கதையை நகர்த்துங்க" என்றான் வினோபா.

"இல்ல வினோபா, அந்த விவரம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஐயா, அங்க நிக்கிற ஆளின்ர மனசையும் கொஞ்சம் காட்டலாம்" என்றாள் சுகிர்தா.

தமயந்தியும் தன் பங்குக்கு, வாக்கியங்கள் கொஞ்சம் வறட்சியாக இருப்பதாகச் சொல்லிவைத்தாள். எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடினால் நடப்பது இதுதான். தெருவில் விபத்து நடந்தாலும் தொடக்கம் சரியில்லை என்பார்கள். மரியசூசை எப்போதும் போல "நன்றி" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் தமயந்தி நிரவியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். நிஜாமுதீன் என்று ஒரு பொறியாளர் பேசினான். குரலில் சலிப்பே இல்லாத பையன்.

"ஏனுங்க, எனக்கு ஒண்ணு தெரியோணுங்க. இது ஆசையை உற்பத்தி பண்ணுதுங்களா?"

"அய்யோ, இல்ல மேடம். அப்படிப் பண்ணா எங்களை உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. ஒருத்தர்கிட்ட இருக்கிறதை இன்னொருத்தருக்குப் பகிர்ந்து குடுக்கும், அவ்ளோதான்."

"அப்ப எங்க அறையில யாருகிட்டயோ நெறைய இருக்கோணுமே."

"நீங்கதானே அறைப் பொறுப்பாளர்? அமைப்புக்குள்ள போய் நாலு இருக்கையையும் திறந்து பாருங்க. யார் குடுக்கிறாங்க, யார் எடுக்கிறாங்கன்னு வரும்."

பார்த்தாள். முதல் மூன்று இருக்கைகளும் எடுக்கிற பக்கம் இருந்தன. கொடுக்கிற பக்கம் ஒரே ஒருவர்தான், மரியசூசை. அவருடைய அளவைக் காட்டும் கம்பம் திரையின் மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது.

"இவ்ளோ ஒசரத்தை நான் பார்த்ததே இல்ல மேடம்" என்றான் நிஜாமுதீன். "சாதாரணமா ஒரு ஆளுக்கு இருக்கிறது மாதிரி ஏழெட்டு மடங்கு இருக்கு. அவர் நாவலாசிரியருங்களா?"

"ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு வார்த்தை எழுதறாருங்க."

தமயந்திக்கு முகம் சுட்டது. ஒரு மனுஷன் எழுத வேண்டும் என்று மலையளவு ஆசையோடு வந்து உட்காருகிறான். மூன்று பேர் அதை ஆளுக்குக் கொஞ்சமாக உறிஞ்சிவிட்டு, போதாக்குறைக்கு உன் வாக்கியம் வறட்சி என்றும் சொல்லியிருக்கிறோம். அவருக்கு மிஞ்சியது முப்பத்தெட்டு வார்த்தை.

நியாயப்படி அன்றைக்கே ஏதாவது செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. நாவலில் பதினாலாம் அத்தியாயம் பாதியில் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று அத்தியாயம் முடிந்தால் நாவல் முடிந்தது. இப்போது விட்டால் இனி இந்த ஜென்மத்தில் எழுத மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பதினாலாம் அத்தியாயத்தை முடித்தாள். அந்த ஒரு நாளில் ஆயிரத்து நூறு வார்த்தை எழுதினாள், ஒவ்வொன்றும் திருட்டுப்பொருள் என்று தெரிந்தே எழுதினாள்.

முப்பத்துநாலாம் நாள் காலை, யாரிடமும் சொல்லாமல், நாலாவது இருக்கையை நிரவலிலிருந்து துண்டித்தாள். மரியசூசையின் ஆசை இனி மரியசூசைக்கே. அந்தப் பொத்தானை அழுத்தியபோது தன்னைப் பற்றி அவளுக்கு உண்டான பெருமை கொஞ்சநஞ்சமல்ல. தியாகம் செய்தவர்களுக்கு வரும் ஒரு மிதப்பு உண்டே, அதுதான்.

மணி அடித்தது. எதிர்பார்த்தது போலவே மூன்று பேரும் படுத்துவிட்டார்கள். தமயந்தி அறுபது வார்த்தை எழுதி நாற்பதை அடித்தாள். வினோபா பதினைந்து. சுகிர்தா, "எனக்கு இண்டைக்கு ஒண்டுமே வரேல்ல" என்று உதட்டைப் பிதுக்கினாள். தமயந்தியின் கண் நாலாவது இருக்கை மேலேயே இருந்தது. ஆயிரம் வரும், இரண்டாயிரம்கூட வரலாம் என்று காத்திருந்தாள். மரியசூசையின் கணக்கு வந்தது. பூஜ்யம்.

மறுநாளும் பூஜ்யம்தான், அதற்கு மறுநாளும் அப்படியே. நாலாம் நாள் பலகையில் ஒரே ஒரு கோடு, அழுத்திக் கீறிய கோடு மட்டும் வந்தது. ஐந்தாம் நாள் அவர் இருக்கை காலியாக இருந்தது.

பதிவேட்டில் அவருடைய தொலைபேசி எண் இருந்தது. தமயந்தி அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூப்பிட்டாள். ஒரு பெண்குரல் எடுத்தது.

"யாரு? எழுத்து அறையில இருந்தா? நான் ரெஜினா, அவிய வீட்டுக்காரி. அவியளால பேச முடியாதுக்கா. வாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிட்டு. எடது கையாலதான் எழுதுதாவ."

"அய்யோ. எங்களுக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுதான். உங்க ரூம்ல ஒண்ணும் கேக்கக்கூடாதுன்னு சட்டமாம்லா. அதுனாலதான் அவியளுக்கு அந்த எடம் புடிச்சிருந்து."

ரெஜினா சொன்னது இது. கடற்கரையில் ஒரு தனியார் துறைமுகம். அங்கே மரியசூசைக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. ஆறு மாசத்துக்கு முன்னால் கிரேனில் பாரம் இறக்கும்போது இரும்புக் கயிறு அறுந்து விழுந்து லிங்கதுரை என்ற தொழிலாளி செத்துப்போனான். கீழே நின்று சைகை காட்டுவது அவன் வேலை. அவன் தப்பான சைகை காட்டியதால்தான் விபத்து என்று கம்பெனி எழுதிவிட்டது. ஒரு மாசத்தில் மரியசூசைக்கு வாதம் வந்தது.

"மேல இருந்து எல்லாத்தையும் முழுசா பாத்தது இவிய ஒருத்தருதான். லிங்கதுரை பொண்டாட்டி எங்க தெருதான்க்கா. தப்பு செஞ்சு செத்தவன் பொண்டாட்டின்னு பேராகிட்டு அவளுக்கு. வார மாசம் மூணாந் தேதி விசாரணை. வாக்குமூலத்தை இவியளே எழுதணுமாம். நாங்க யாராச்சும் கேட்டு எழுதுனா செல்லாதுன்னுட்டாவ."

தேதியை எண்ணிப் பார்த்தாள் தமயந்தி. ஓட்டத்தின் ஐம்பதாவது நாள் அது. இன்னும் பன்னிரண்டு நாள்.

"எழுதணும் எழுதணும்னு உசிர விடுதாவ. ஆனா பேனாவப் புடிச்சா கை பூட்டிக்கிடும். அம்புட்டும் ஒரே நேரத்துல வெளிய வரப் பாக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாவ. அந்தம்மாதான் இந்தப் பட்டைய மாட்டி விட்டது. உங்க மணி அடிச்சாத்தான் கை எளகும். கொஞ்சம் கொஞ்சமா எழுதுவாவ. இப்ப அஞ்சு நாளா என்னன்னு தெரியல, மறுபடி பூட்டிக்கிட்டு. நேத்து பலகைய தூக்கி எறிஞ்சிட்டாவ."

தமயந்தி நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

ரெஜினா திட்டவில்லை. "நல்லது நெனச்சுதான் செஞ்சிருக்கிய. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்லாக்கா" என்றாள்.

அன்று மாலையே நாலாவது இருக்கையை மறுபடி இணைத்தாள். சட்டம் கிடக்கட்டும் என்று மற்ற இருவரிடமும் விஷயத்தைச் சொன்னாள். வினோபா தலையில் கைவைத்துக்கொண்டான். "அக்கா, ஒரு சாவுக்குச் சாட்சி சொல்ற ஆள்கிட்ட போய் இழுவையா இருக்குன்னு சொல்லிருக்கேன்க்கா." போன ஐந்து நாளை ஈடுகட்ட தினமும் மூன்று முறை உட்காருவது என்று முடிவாயிற்று.

முப்பத்தொன்பதாம் நாள் எல்லோரும் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். மரியசூசையும் வந்தார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலாவது இருக்கையையே பார்த்தார்கள். மணி அடித்தது. எழுதுங்கள் ஐயா, எழுதுங்கள் என்று தமயந்தி மனசுக்குள் மன்றாடினாள். பூஜ்யம் வந்தது. மதியமும் அப்படித்தான். மறுநாள் மூன்று முறையும் பூஜ்யம்.

தமயந்தி மறுபடி உதவி எண்ணைக் கூப்பிட்டாள். நிஜாமுதீன் அட்டவணையைப் பார்த்துவிட்டு விசிலடித்தான்.

"மேடம், எல்லா இருக்கையும் உச்சியில நிக்குதே. என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்?"

"அவர் எழுதோணும்னு நெனைக்கறோமுங்க. அது தப்புங்களா?"

"தப்பில்ல, ஆனா அதான் பிரச்சனை. எழுத்தைப் பத்தின எந்த ஆசையையும் இது ஒண்ணாத்தான் பார்க்கும், உங்களுக்கா அவருக்கான்னு பிரிக்கத் தெரியாது. அவருக்கு வேண்டியது உங்க ஆசை இல்ல மேடம். அவர்கிட்ட வழியறதை வாங்கிக்க காலி டம்ளர் வேணும். நீங்க முன்னாடி ஒண்ணுமே இல்லாம இருந்தீங்க பாருங்க, அதான் அவருக்கு உதவி."

தமயந்திக்கு இது புது மாதிரியான உபதேசமாக இருந்தது. ஒருவருக்கு உதவ வேண்டுமானால் அவருக்கு உதவ ஆசைப்படக் கூடாது. எதன் மேலும் ஆசையில்லாமல் இருபத்தைந்து நிமிஷம் எழுத வேண்டும். எதை எழுதினால் அப்படி இருக்க முடியும்? யோசித்தவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. பதினெட்டு வருஷமாக அவள் அதைத்தானே எழுதுகிறாள்.

அன்று இரவே வினோபாவுக்கும் சுகிர்தாவுக்கும் ஒரு கோப்பு போயிற்று. நீர்மூழ்கி மோட்டார், நிறுவுதலும் பராமரிப்பும், நூற்று அறுபது பக்கம். ஐந்து இருபதுக்கே தொடங்கி, ஒரு வார்த்தையும் விடாமல் பார்த்து எழுத வேண்டும். நாவலையும் போலீஸ் கதையையும் சிறுகதையையும் மூடி வைத்துவிட வேண்டும், உள்ளே எங்காவது ஒரு பொறி இருந்தாலும் கம்பம் ஏறிவிடும்.

தமயந்திக்கு அதுதான் வலித்தது. நாவலுக்கு மூன்று அத்தியாயம்தான் பாக்கி. பத்து நாள் மூடி வைத்தால் பழைய வறட்சி திரும்ப வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். கோப்பை மூடும்போது அழுகை வந்தது என்றும் சொல்லிவிடலாம், யாருக்கு என்ன வெட்கம்.

நாற்பத்தோராம் நாள் மணி அடித்தது. மூன்று பேரும் வடிகுழாயின் விட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். நடு நடுவே மரியசூசையின் வேகம் தங்களுக்குள் வந்து நிறைவது தெரிந்தது. கை துடித்தது. உலகத்தையே எழுதிவிடலாம் போல இருந்தது. அந்த வேகத்தையெல்லாம் வைத்துக்கொண்டு, மின்கம்பி இணைப்புகளைச் சரிபார்க்கவும் என்று எழுதினாள் தமயந்தி.

மறு மணி அடித்தது.

"அறுநூத்திப் பத்து" என்றான் வினோபா, விடியாமூஞ்சியோடு. "கடைசி வரி: பழுது நீங்காவிடின் அருகிலுள்ள முகவரை அணுகவும்."

"நான் ரெண்டு தரம் நித்திரையாகிட்டன்" என்றாள் சுகிர்தா. "தமயந்தி அக்கா, குறை நினையாதேங்கோ. இதை எழுதினவருக்கு ஈரமே இல்லையோ?"

அதை எழுதியவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவது இருக்கையைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு. கீழே அந்தக் கோணல் கையெழுத்து: "கயிற்றை மாற்றச் சொல்லி மேற்பார்வையாளரிடம் இரண்டு முறை சொன்னேன்."

யாரும் கைதட்டவில்லை. தட்டினால் கம்பம் ஏறிவிடுமோ என்ற பயம். வினோபா முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "ரொம்ப சாதாரணமா இருக்கு சார்" என்றான். பாராட்டாக அவனால் முடிந்தது அதுதான்.

பத்து நாள் இப்படியே போயிற்று. மோட்டார் முடிந்து தெளிப்பான் கையேடு வந்தது, அதுவும் முடிந்து உத்தரவாத நிபந்தனைகள் வந்தன. சந்தோஷம் வந்தால் நிபந்தனையின் உட்பிரிவுகளை வாய்விட்டுப் படித்தார்கள். மரியசூசை நாற்பது நாற்பதாக முன்னேறினார். அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது, பெட்டியின் எடை எவ்வளவு, தரையில் போட்ட வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே யார் யார் நின்றார்கள் என்று ஒவ்வொரு வரியாக வந்தது. தமயந்தி ஒரு நாள் தன் நாவலைத் திறந்து பார்த்தாள். பதினாலாம் அத்தியாயத்தின் முடிவு யாரோ எழுதியது போல இருந்தது. ஆசை எதுவும் எழவில்லை. மூடிவிட்டாள்.

ஐம்பதாம் நாள். விசாரணை காலை பத்து மணிக்கு. ஐந்தரை மணிக் கூட்டம்தான் கடைசி. மூன்று பேரும் உத்தரவாதம் செல்லுபடியாகாத சூழ்நிலைகளை எழுதினார்கள். மணி அடித்தது. மூன்று பேரும் தங்கள் கணக்கைச் சொல்லவில்லை. நாலாவது இருக்கையின் எண் வந்தது, பதினொன்று. அதன் கீழே வரி வந்தது. இந்த முறை எழுத்து நேராக இருந்தது.

"லிங்கதுரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். கிரேன் விசையைப் பிடித்திருந்தவன் நான். பார்த்தேன். நிறுத்தவில்லை."

முதலில் புரியாமல் இரண்டாம் முறை படித்தாள் தமயந்தி. வினோபாவின் முகம் வெளிறியிருந்தது. சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழு மடங்கு, எட்டு மடங்கு என்று அத்தனை நாளும் தங்களுக்குள் வந்து நிறைந்தது என்ன என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அந்த வேகத்தில்தான் தமயந்தி தன் நாவலில் ஒரு காதல் காட்சியை எழுதியிருந்தாள்.

முதல்முறையாக நாலாவது கேமரா திறந்தது. சக்கர நாற்காலியில் வெள்ளைச்சட்டை போட்டு, தலைசீவி, ஒரு பெரிய உருவம். அருகில் நின்று தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள் ரெஜினா.

"முடிச்சிட்டாவக்கா. வண்டி வந்துட்டு, கெளம்புதோம்."

"ரெஜினாம்மா" என்றாள் தமயந்தி. "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"தெரியும். அவசரத்துல கூட ஒரு பெட்டி எறக்கிருவோம்னு நெனச்சிட்டாவ. பேச்சு போறதுக்கு மொத நாளு எங்கிட்ட சொன்னாவ." தாள்களை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாள். "நான்தான் எழுதச் சொன்னேன்."

மரியசூசை இடது கையால் பலகையில் ஏதோ எழுதிக் காட்டினார். ரெஜினா படித்தாள்.

"நீங்கல்லாம் எழுதுத ஆளுவ. தப்பு ஏதும் இருந்தா சொல்லச் சொல்லுதாவ."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றாள் தமயந்தி. "அப்படியே கொண்டுபோய்க் குடுங்க."

அவர் தலையசைத்தார். ரெஜினா நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள்.